வீட்டுக் கணக்கும் ஓர் அமானிதம்

தொழுகையில் ரக்அத்துகளை எண்ணுகிறோம். தொழுது முடித்ததும் தஸ்பீஹை 33 முறை எண்ணுகிறோம். விடுபட்ட நோன்புகளை எண்ணிக் களா செய்கிறோம். கஃபாவை வலம் வரும்போது சுற்றுகள் ஏழு என்று எண்ணுகிறோம். ஸகாத்தில் நாற்பதில் ஒன்று என்று எண்ணுகிறோம். நம் மார்க்கத்தில் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்ட வணக்கங்கள் இத்தனை இருக்க, மாதம் பிறந்ததும் வீட்டுக்குள் வருகிற பணம் எவ்வளவு, அது எந்தெந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்டால் மட்டும் நம்மில் பெரும்பாலோர் கையை விரிக்கிறோம். "என்னவோ வருகிறது, என்னவோ போகிறது, மாதம் இருபதாம் தேதிக்கு மேல் கடன்தான்" என்ற பதிலே பல வீடுகளிலும் கிடைக்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. கணக்குப் பார்க்காமல் இருப்பதையே ஒரு தக்வாவாக நினைப்போரும் நம்மிடையே உண்டு. "எண்ணிப் பார்த்தால் பரக்கத் போய்விடும்" என்று சொல்லி, குறிப்பேட்டை எடுக்கும் மருமகளின் கையைத் தடுக்கும் மாமியார்களும் உண்டு. இந்தச் சொல்லில் எவ்வளவு உண்மை இருக்கிறது? வீட்டு வரவு செலவை எழுதி வைப்பதும் வருவாய்க்குள் வாழ்வதும் வெறும் உலக விவகாரமா? அல்லது மார்க்கத்தோடு தொடர்புள்ள காரியமா? இம்மாதப் பாடத்தில் இதையே நாம் ஆராயப் போகிறோம்.

பொருளுக்கு மட்டும் இரண்டு கேள்விகள்

மறுமை நாளில் சில கேள்விகளுக்கு விடை சொல்லாதவரை அடியானின் பாதங்கள் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை திர்மிதீ ஷரீஃபில் காண்கிறோம். ஆயுளைப் பற்றிக் கேட்கப்படும். கற்ற அறிவைப் பற்றிக் கேட்கப்படும். ஆனால், பொருளைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் கேள்வி இரண்டாகி விடுகிறது: எங்கிருந்து சம்பாதித்தாய்? எதிலே செலவழித்தாய்?

இவற்றில் முதல் கேள்விக்கு அஞ்சும் நல்லடியார்கள் நம் சமுதாயத்தில் நிறையவே இருக்கிறார்கள். ஹராமான தொழில் வேண்டாம் என்று நல்ல சம்பளத்தை உதறியவர்கள் உண்டு. எடையில் குறைத்துவிடக் கூடாதே என்று ஒரு பிடி கூட்டிப் போடும் கடைக்காரர்கள் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரிவானாக! ஆனால் இரண்டாவது கேள்வி? ஹலாலாக வந்த பணமாயிற்றே, எப்படிச் செலவழித்தால் என்ன என்ற எண்ணம் அங்கே நுழைந்துவிடுகிறது. வந்த வழி தூய்மையாக இருப்பதால் போகும் வழிக்குக் கணக்கு இல்லாமல் போய்விடுவதில்லை. எதிலே செலவழித்தோம் என்பதே நமக்குத் தெரியாத நிலையில், நாளை அந்த மன்றத்தில் என்ன விடை சொல்லப் போகிறோம்?

எண்ணினால் பரக்கத் போய்விடுமா?

பெரியவர்கள் சொல்லும் சொல்லுக்கு அடிப்படையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் கொஞ்சம் வாற்கோதுமை இருந்தது. அதிலிருந்தே எடுத்து நெடுநாள் உண்டு வந்ததாகவும், பிறகு அதை அளந்து பார்த்ததும் தீர்ந்துபோனதாகவும் அன்னையவர்களே அறிவித்திருக்கிறார்கள். இது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அவ்வாறே அன்னையாரின் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம், எண்ணி எண்ணி வைத்துக்கொள்ள வேண்டாம், அப்படிச் செய்தால் அல்லாஹ்வும் உமக்கு எண்ணித் தருவான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியிருக்கிறார்கள்.

ஆனால் அதே புகாரீ ஷரீஃபில் மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. உணவுத் தானியத்தை அளந்துகொள்ளுமாறும், அதில் பரக்கத் வழங்கப்படும் என்றும் அங்கே கூறப்படுகிறது. ஓரிடத்தில் அளந்ததும் தீர்ந்தது. மற்றோரிடத்தில் அளந்தால் பரக்கத் உண்டு. இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

ஹதீஸ் விளக்கவுரை எழுதிய இமாம்கள் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் பிறர் உரிமை கலந்திருக்கும் இடங்களிலும் அளப்பது கடமை. அங்கே அளப்பதில்தான் பரக்கத். இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, தீர்ந்துவிடுமோ என்று ஐயத்தோடு துருவிப் பார்ப்பதும், ஏழைக்குக் கொடுத்தால் குறைந்துவிடுமே என்று எண்ணிப் பூட்டி வைப்பதும்தான் விரும்பப்படாதவை. அஸ்மா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையும் தர்மம் செய்வதைப் பற்றியதே.

ஆகவே, கொடுக்காமல் இருப்பதற்காக எண்ணுவது வேறு. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்காக எண்ணுவது வேறு. முன்னது கஞ்சத்தனம். பின்னது அமானிதம். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இந்தப் பாடம் முழுவதும் விளங்கிவிடும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. தொகை சிறியதோ பெரியதோ, எழுதுவதில் சலிப்படைய வேண்டாம் என்றும் அதே வசனம் கற்பிக்கிறது. பணத்தை எழுத்தில் கொண்டுவருவது இறையச்சத்துக்கு எதிரானதாயின் அல்லாஹ்வின் வேதத்தில் அதற்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்திருக்குமா?

நடுவழி எது?

அளவற்ற அருளாளனின் அடியார்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வருணிக்கும் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில், அவர்கள் செலவழித்தால் வரம்பு மீறவும் மாட்டார்கள், கையை இறுக்கவும் மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்று கூறப்படுகிறது (25:67). இரவெல்லாம் நின்று வணங்குவதும் பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பதும் எந்த வரிசையில் சொல்லப்படுகின்றனவோ அந்த வரிசையிலேயே செலவில் நிதானமும் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். பனீ இஸ்ராயீல் அத்தியாயமோ, கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதையும் முற்றாக விரித்துவிடுவதையும் ஒருசேரக் கண்டிக்கிறது (17:29).

செலவின் பிழைகளைக் குறிக்க அரபியில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று இஸ்ராஃப், மற்றொன்று தப்தீர். ஆகுமான காரியத்திலேயே அளவைத் தாண்டுவது இஸ்ராஃப். செலவழிக்கக் கூடாத வழியில் செலவழிப்பது தப்தீர் என்று விரிவுரையாளர்கள் பிரித்துக் காட்டுவர். உண்பது ஆகும், நான்கு பேர் உண்ண எட்டுப் பேருக்குச் சமைத்துக் கொட்டுவது இஸ்ராஃப். சூதாட்டத்திலும் போதையிலும் ஒரு ரூபாய் போனாலும் தப்தீர். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் கூறியிருப்பது (17:27) எவ்வளவு கடுமையான சொல்!

தகுதிக்குத் தக்க செலவு

எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பதற்கு மார்க்கம் எல்லோருக்கும் ஒரே தொகையை விதிக்கவில்லை. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருங்கியவர் அல்லாஹ் தமக்குத் தந்ததிலிருந்தும் செலவு செய்ய வேண்டும் என்பது 65-ஆம் அத்தியாயம் 7-ஆம் வசனத்தின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு அளவே குறித்திருக்கின்றன. மனைவிக்குத் தரவேண்டிய அன்றாடத் தானியம், கணவர் வசதியுள்ளவராயின் 2 முத், நடுத்தரமானவராயின் ஒன்றரை முத், இல்லாதவராயின் 1 முத். (நாம் ஃபித்ரா கொடுக்கும் ஒரு ஸாஉ என்பது 4 முத்.) ஹனஃபீ மத்ஹபில் இவ்வாறு அளவு குறிக்காமல், ஊர் வழக்கப்படி போதுமான அளவு என்று கூறப்படுகிறது. எதுவாயினும், வருவாயைப் பார்த்தே செலவு என்ற கருத்து இரண்டிலும் இருக்கிறது. பக்கத்து வீட்டாரின் வருவாயைப் பார்த்து நம் வீட்டுச் செலவை அமைக்கும் சட்டம் எந்த மத்ஹபிலும் இல்லை!

இங்கே ஆண்களுக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சிக்கனம் என்ற பெயரால் வீட்டாரின் உரிமையைக் குறைக்க யாருக்கும் அனுமதியில்லை. ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் அபூசுஃப்யான் தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். வழக்கத்தில் உள்ள அளவு, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை அவரது பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. 'போதுமானது', 'வழக்கத்தில் உள்ள அளவு' என்ற இரண்டு நிபந்தனைகளையும் கவனியுங்கள். குறைத்தால் மனைவிக்கு உரிமை உண்டு. கூட்டினால் மனைவிக்கு உரிமையில்லை. கணக்கு என்பது கணவர் மனைவியின் கையைக் கட்டும் கயிறன்று. இருவருக்கும் பொதுவான தராசு அது.

குடும்பத்தாருக்காகச் செலவிடும் பொற்காசுக்கு மற்றெல்லா நற்செலவுகளையும்விடப் பெரிய கூலி உண்டு என்று முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. அரிசியும் மருந்தும் வாங்கும் செலவு வணக்கமாகிறது என்றால், அந்த வணக்கத்தைக் குறித்து வைப்பதில் என்ன குறை வந்துவிடப் போகிறது?

நாளைக்கு எடுத்து வைப்பது

"அல்லாஹ் தருவான், சேமிப்பு எதற்கு?" என்று கேட்போருக்கும் விடை இருக்கிறது. பனூ நளீர் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தவக்குலில் அவர்களைவிடச் சிறந்தவர் யார்? யூசுஃப் (அலை) அவர்களும் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு காத்து, அடுத்த ஏழாண்டுப் பஞ்சத்துக்கு வழி செய்தார்கள் (12:47, 48).

அதே வேளையில், நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது என்பதும் ஸஹீஹான செய்தி. ஒதுக்கி வைத்ததைத் தேவையுடையோர் வந்தபோது கொடுத்துவிட்டார்கள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். சேமிப்பு தவறன்று, வாசலில் ஏழை நிற்கும்போது சேமிப்பைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துவதே தவறு.

கடன் என்னும் பாரம்

கணக்கில்லாத வீட்டின் கடைசிப் படி கடன். தொழுகையில் கடனிலிருந்து பாதுகாவல் தேடிய நாயகம் (ஸல்) அவர்களிடம், ஏன் இவ்வளவு அதிகம் கடனிலிருந்து பாதுகாவல் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. மனிதன் கடன்பட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மாறுகிறான் என்ற கருத்தில் விடையளித்தார்கள். எவ்வளவு நுட்பமான விடை! கடன் பணத்தை மட்டும் தின்பதில்லை. நாவின் உண்மையையும் தின்றுவிடுகிறது. கடன்காரர் கதவைத் தட்டும்போது "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளைக்குப் பொய் கற்பிக்கும் தகப்பன், அந்த நாள் வரும் என்று முன்கூட்டியே நினைத்தா கடன் வாங்கினான்?

மூன்று தீனார் கடன் வைத்து, அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாமே தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றதாகக் கூறிய பிறகே தொழுகை நடத்தினார்கள். பின்னாளில் வெற்றிகள் கிடைத்தபோது, அப்படி இறப்போரின் கடனைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும். கடன்பட்டவரை இழிவுபடுத்த இந்த நிகழ்ச்சி சொல்லப்படவில்லை; கடனை இலேசாக எண்ணாதிருக்கவே சொல்லப்பட்டது. நோய்க்கும் வறுமைக்கும் கடன்படுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவகாசம் தருமாறு அல்லாஹ்வே கட்டளையிடுகிறான் (2:280).

வட்டிக் கடனோ இதற்கும் அப்பாற்பட்ட கொடுமை. வாரத் தவணைக் கடன், நகை அடகு, மீட்டர் வட்டி என்று அதன் பெயர்கள் பல. கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அரசின் சட்டம் அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கிறது. அல்லாஹ்வின் சட்டம் வட்டியையே தடுக்கிறது. ஆயினும் மாத நடுவில் கை வறண்டபோதெல்லாம் நம் பெண்களின் நகைகள் அடகுக் கடைக்குப் போகின்றன. இதில் இன்னொரு மஸ்அலாவும் அடங்கியிருக்கிறது. மஹராகக் கொடுத்த நகை மனைவியின் சொந்தச் சொத்து. அவர் மனமுவந்து சம்மதிக்காமல் கணவர் அதைத் தொடுவதற்கே உரிமையில்லை. வட்டிக்கு வைப்பதற்கோ அவரே சம்மதித்தாலும் மார்க்கத்தில் இடமில்லை.

எழுதும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம். எழுத மட்டும் செய்யுங்கள். ஐந்து ரூபாய்க் கறிவேப்பிலை முதல் வீட்டு வாடகை வரை அன்றன்றே எழுதுங்கள். கையில் நோட்டை எண்ணிக் கொடுத்தபோது பணம் போவது கண்ணுக்குத் தெரிந்தது. 2016-இல் யுபிஐ வந்தபின், கைப்பேசியைக் காட்டினாலே பணம் போய்விடுகிறது, போனதே தெரிவதில்லை. எனவே எழுதுவது முன்பைவிட இன்று மிகவும் தேவை.

இரண்டாம் மாதம் செலவுகளைப் பிரியுங்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) முதலான உஸூல் அறிஞர்கள் மனிதனின் நலன்களை மூன்று படிகளாக வகுத்தார்கள். இல்லாவிட்டால் வாழ்வே குலையும் என்பவை ளரூரிய்யாத். இல்லாவிட்டால் சிரமம் உண்டாகும் என்பவை ஹாஜிய்யாத். அழகும் மெருகும் சேர்ப்பவை தஹ்ஸீனிய்யாத். அவர்கள் ஷரீஅத்தின் நோக்கங்களை விளக்க வகுத்த அந்தப் படிகளையே நாம் வீட்டுச் செலவுக்கும் இரவலாக எடுத்துக்கொள்ளலாம். அரிசியும் மருந்தும் வாடகையும் முதற்படி. மின்விசிறியும் பிள்ளையின் மிதிவண்டியும் இரண்டாம் படி. வாசல் திரைச்சீலையை மாற்றுவது மூன்றாம் படி. மூன்றாம் படிக்காக முதற்படியில் கடன் வாங்கும் வீட்டில் வரிசை தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

மூன்றாம் மாதம் முதல், பணம் வந்ததும் முன்கூட்டியே ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, மாதம் 30,000 ரூபாய் வருகிற ஐந்து பேர் கொண்ட வீட்டை வைத்துக்கொள்வோம்:

வீட்டு வாடகை – ரூ. 6,000
அரிசி, மளிகை, பால், காய்கறி, மீன், இறைச்சி – ரூ. 10,500
கேஸ், மின்சாரம் – ரூ. 1,700
பிள்ளைகளின் படிப்பு – ரூ. 3,000
மருந்து, பயணம் – ரூ. 2,000
பழைய கடனுக்கு – ரூ. 3,000
பெருநாள், குர்பானி, துணிமணி ஒதுக்கீடு – ரூ. 1,200
அவசரத்துக்குச் சேமிப்பு – ரூ. 1,500
ஸதகா, அன்பளிப்பு – ரூ. 600
சில்லறைச் செலவு – ரூ. 500
ஆக மொத்தம் – ரூ. 30,000

ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப இந்தத் தொகைகள் மாறும். மாறக் கூடாதவை மூன்று. முதலாவது, கடனும் ஸதகாவும் 'மிஞ்சினால் பார்ப்போம்' என்று விடப்படாமல் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, மாதந்தோறும் வராத செலவையும் மாதந்தோறும் ஒதுக்க வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது; பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருகிறது. மூன்றாவது, பெருநாட்கள் ஆங்கில மாதங்களில் நிலையாக நிற்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஹிஜ்ரீ ஆண்டு சுமார் 354 நாள். ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னே வந்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாள் 2024-இல் ஜூன் 17-ஆம் தேதியும் 2025-இல் ஜூன் 7-ஆம் தேதியும் வந்தது; பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் அதுவே. முன்கூட்டி ஒதுக்காத வீட்டில் சீருடையும் குர்பானியும் ஒரே சம்பளத்தின் மேல் வந்து விழுந்தன.

சிறு ஓட்டைகளையும் பாருங்கள். கடைத்தெருவில் நாளொன்றுக்குத் தேநீருக்கும் வடைக்கும் 40 ரூபாய் என்றால் மாதத்துக்கு 1,200 ரூபாய். மேலே பெருநாளுக்கும் குர்பானிக்கும் நாம் ஒதுக்கிய தொகையே அதுதான்! தேநீர் ஹராமன்று, ஆனால், "குர்பானி கொடுக்க வசதியில்லை" என்று சொல்வதற்கு முன் அந்த 40 ரூபாயையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கால்மணி நேரம் கணவனும் மனைவியும் குறிப்பேட்டோடு அமரட்டும். குற்றம் சாட்டுவதற்காக அன்று, அடுத்த வாரத்துக்காக. பிள்ளைகளும் அருகில் இருந்தால் நல்லதே. வாப்பாவின் வியர்வை எவ்வளவு, எதற்குப் போகிறது என்று அறிந்த பிள்ளை கண்டதையெல்லாம் கேட்டு அடம் பிடிக்காது.

சபுராளி வீடுகளுக்கு ஒரு சொல்

வெளிநாட்டில் சபுராளியாக இருப்பவரின் வீட்டுக்கு இந்தப் பாடம் இரட்டிப்பாகத் தேவை. அங்கே சம்பாதிப்பவர் ஒருவர், இங்கே செலவழிப்பவர் ஒருவர். நடுவே கடல். கைநிறையப் பணம் வந்த மாதத்தில் உயர்த்திய வாழ்க்கைத்தரத்தை வேலை போன மாதத்தில் இறக்க முடிவதில்லை. பதினைந்து, இருபது ஆண்டுகள் பாலையில் உழைத்துத் திரும்பியவர், "அனுப்பிய பணம் எங்கே?" என்று கேட்கிறார். மனைவிக்கோ விடை தெரியவில்லை. வீணாக்கியவர் என்ற பழி மட்டும் அவர்மேல் விழுகிறது. உண்மையில் அந்தப் பணம் மைத்துனியின் கல்யாணத்துக்கும் மாமனாரின் மருந்துக்கும் உறவினர் சீருக்கும்தான் போயிருக்கும். எழுதி வைக்காததால் நன்மை செய்தவரே குற்றவாளியாகிறார்.

ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், பெண் தன் கணவரின் வீட்டுக்கு மேய்ப்பாளி, அவரவர் பொறுப்பைப் பற்றி அவரவர் கேட்கப்படுவர் என்பது நாம் அடிக்கடி கேட்கும் ஹதீஸ். மேய்ப்பவர் மாலையில் ஆடுகளை எண்ணாமல் பட்டியை அடைப்பாரா? வீணாக்கும் நோக்கமின்றி வீட்டு உணவிலிருந்து தர்மம் செய்யும் பெண்ணுக்கும் கூலி, சம்பாதித்த கணவருக்கும் கூலி என்று இன்னொரு ஹதீஸ் கூறுகிறது. குறிப்பேடு அந்தப் பெண்ணுக்குக் காவல், கணவருக்கு நிம்மதி. அங்கே இருப்பவரும் தம் உண்மையான சம்பளத்தையும் கடனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட கணக்கு கணக்காகாது.

திருமணச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆனால் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களைத் தாம் மணந்தபோது அளித்த வலீமாவில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும்தான் இருந்தன. இருக்கும்போது ஆடு, இல்லாதபோது பேரீச்சம்பழம், இரண்டும் வலீமாவே. வட்டிக்கு வாங்கிப் போட்ட பிரியாணிப் பந்தலுக்கு ஸுன்னத் என்று பெயர் சூட்டலாகாது.

கணக்கில்லாமல் ஸகாத் இல்லை

இறுதியாக, கணக்கின் மிகப் பெரிய பயன் இது. ஸகாத் கடமையாகும் அளவு 20 மிஸ்கால் தங்கம். கிராமில் 85 என்றும் 87½ என்றும் ஆலிம்கள் கணக்கிட்டுள்ளனர். நம் ஊர்களில் சுமார் 11 பவுன் என்பார்கள். அந்த அளவு கையில் வந்த நாள் எது, ஹிஜ்ரீப்படி ஓராண்டு நிறைந்த நாள் எது என்பது எழுதாதவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கில ஆண்டைக் கொண்டே ஸகாத்தைக் கணக்கிட்டு வருபவருக்கு 33 ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டின் ஸகாத் விடுபட்டுப்போகும். அணியும் நகைக்கு ஹனஃபீ மத்ஹபில் ஸகாத் உண்டு. ஆகுமான முறையில் அணியும் பெண்களின் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை. ஆகவே எவ்வளவு நகை, எவ்வளவு ரொக்கம், வரவேண்டிய கடன் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் சென்றால் அவர் சரியான ஃபத்வா தர முடியும். "தோராயமாக ஏதோ கொடுத்துவிடுகிறோம்" என்பது ஏழையின் உரிமையைத் தோராயமாக்குவதாகும்.

ஸகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் ஒரு வகையினர் (9:60). அவர்களுக்கும் கணக்கு பயன்படும். எதற்காகக் கடன்பட்டோம், எவ்வளவு அடைத்தோம், எவ்வளவு மீதம் என்று காட்ட முடிந்தவர் ஜமாஅத்தின் முன் தலைகுனிய வேண்டியதில்லை. கடனை எழுதி வைக்காமல் மவ்த்தானவரின் வாரிசுகள் படும் பாடு நாம் அறியாததா? வஸிய்யத்துக்குரிய பொருளை வைத்திருப்பவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக்கூடக் கழிப்பது தகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை இங்கே நினைவிற்கொள்வோம். நம் வீட்டுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யாரிடம் நம் அமானிதம் இருக்கிறது, நம்மிடம் யாருடைய அமானிதம் இருக்கிறது என்று எழுதப்பட்டிருக்கட்டும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! குறைந்த வருவாயைக் கணக்கு கூட்டிவிடாது. விலைவாசியைக் குறைத்துவிடாது. வறுமையின் குற்றத்தை ஏழையின் மேல் சுமத்தவும் நாம் இதை எழுதவில்லை. எவ்வளவு கவனமாக எழுதினாலும் வரவைவிடத் தேவை மிஞ்சும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளைத் தேடிச் சென்று உதவுவது வசதியுள்ளோர் மீதும் ஜமாஅத்தின் மீதும் உள்ள பொறுப்பு. ஆனால் கையில் இருப்பது கொஞ்சமோ நிறையவோ, அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் விவரம் நமக்கே தெரியாமல் இருப்பது தக்வாவும் அன்று, தவக்குலும் அன்று. நாளை நாம் காட்டவேண்டிய ஏட்டை இன்றே நம் கையால் சரிபார்த்துக்கொள்வோம். இந்த மாதம் முதல் தேதியிலிருந்து பிஸ்மி சொல்லித் தொடங்குங்கள்.

ஹலாலாகச் சம்பாதிக்கவும், அளவோடு செலவழிக்கவும், கடனின் சுமையிலிருந்து விடுபடவும், கொடுக்க வேண்டியவர்களுக்கு மனமுவந்து கொடுக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.